முதலாவதா வந்த ஊரு

அதத்தான் சார் நானும் கேக்குறேன். எவன் வந்து எண்ணுனான்? எங்க போடி ஊருக்கு வந்து, தெருத்தெருவா ஏறி எறங்கி, ஏம்ப்பா ஒனக்குப் பயமா இருக்கா இல்லையான்னு எவன் வந்து கேட்டான்? மதுரையில உக்காந்துக்கிட்டு இந்த ஊரு முதலாவது, அந்த ஊரு மூணாவதுன்னு பேப்பர்ல போட்டுப்புட்டான். நீங்களும் அத மடியில வச்சுக்கிட்டு, பொண்டாட்டி புள்ளைகளக் கூட்டிட்டு வரலாமான்னு என்னையக் கேக்குறீக.

அட, கோவம் ஒங்க மேல இல்ல சார். நீங்க பேங்குக்கு மாத்தலாகி வர்ற ஆளு, ஊரு புதுசு, நாலு பேர்ட்ட விசாரிக்கத்தான் செய்வீக. பஸ்சு இப்பிடி ஊர் எல்லையில நட்டுக்கிட்டு நிக்கிதே, அந்த எரிச்சலு. ஏப்பா கண்டக்டரு, இன்னும் எம்புட்டு நேரம்ப்பா? தெரியலையா? நல்லாருக்கு. எனக்கு வெரசா வீட்டுக்குப் போகணும் சார். வீட்டுல ஆளு காத்துக்கிட்டுக் கெடக்கு. உச்சிப்பொழுதுக்குள்ள வந்துர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். பாருங்க, வெயிலு இந்நேரம் எங்க வந்துருச்சுன்னு.

என்ன ஊர்வலமா? நல்லாக் கேட்டீக போங்க. ஒங்க மடியில இருக்கே பேப்பரு, அதுக்குத்தான் இந்த ஊர்வலம். பயமில்லாத ஊருன்னு பேரு வாங்கிட்டோம்ல, மேளம், வேட்டு, மாலை எல்லாம் அதுக்குத்தான். அந்தா முன்னாடி ஜீப்புல நின்னுக்கிட்டு கும்புடு போடுறாரு பாருங்க, வெள்ள வேட்டி, அவருதான் ராஜாராம். எங்க பக்கத்துல ஆளுங்கட்சின்னா அவருதான். ஜனங்க பயமில்லாம நடமாடுற ஊருன்னு காட்டுறதுக்கு ரோட்ட மறிச்சு பஸ்ஸ நிறுத்தி வச்சிருக்காக. நடமாட விட்டாத்தான சார்.

படிச்சுப் பாத்தீகல்ல, எப்பிடிக் கணக்குப் போட்டாய்ங்கன்னு? ஸ்டேசன்ல பதிவான கேசு. அம்புட்டுத்தான். கேசு கொறைச்சலா, நல்ல ஊரு. கேசு கூடவா, கெட்ட ஊரு. தேவாரங்குற ஊர்ல எம் மச்சினன் இருக்கான். அங்க ஒரு ஏட்டையா இருந்தாராம், கோழி காணாப் போச்சுன்னு போனாக்கூட உக்கார வச்சு, விவரமாக் கேட்டு, எழுதி, கைநாட்டு வாங்கித்தான் அனுப்புவாராம். அந்தப் புண்ணியவான் ஒழுங்காச் சோலி பாத்ததுல அந்த ஊரு பட்டியல்ல அடிக்குப் போயிருச்சு. யானை எறங்கிச் சோளத்த மேஞ்சதையும் களவுன்னு எழுதிட்டாரோ என்னமோ. சிரிக்கிறீக. அங்க இருக்குறவன் சிரிக்கல சார், பொண்ணு குடுக்க வர்றவன் பேப்பரக் காட்டி யோசிக்கிறானாம்.

எங்க ஊர்ல கேசு இல்ல. களவு இல்லையா, அடிதடி இல்லையா? எல்லாம் இருக்கு. ஸ்டேசனுக்குப் போறதில்ல. கோயிலுக்குப் போகுது.

ஆமா சார், கோயிலுக்கு. ஒங்க பக்கம் இது உண்டான்னு தெரியல. எங்க பக்கம் சூடம் அணைக்கிறதுன்னு ஒண்ணு உண்டு. ஒருத்தன் மேல சந்தேகம்னா, சாமி முன்னாடி தரையில சூடத்தக் கொளுத்தி வைப்பாக. அவன் குளிச்சிட்டு ஈரத்துணியோட வரணும். நான் செய்யல, செஞ்சிருந்தா சாமி என்னையக் கேக்கட்டும்னு சொல்லி உள்ளங்கையால அந்தச் சூடத்த அணைக்கணும். அணைச்சுப்புட்டானா, தீந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் பேச்ச எவனும் எடுக்கப்படாது. எடுத்தா சாமியவே பொய்யின்னு சொன்ன மாதிரி. நல்ல வழக்கந்தான் சார், இல்லைங்கல. ஆடு காணாப் போச்சு, வாய்க்காலை ராவோட ராவாத் திருப்பிட்டான், இந்த மாதிரிக்கு நல்ல வழக்கம். எத்தனையோ பய சூடத்தப் பாத்த ஒடனே கால்ல விழுந்து ஒத்துக்கிட்டிருக்கான்.

ஊரு ராஜாராம் கைக்கு வந்தப்புறம் எல்லாத்துக்கும் சூடந்தான். வீடு பூந்து களவா, சூடம். கத்திக்குத்தா, சூடம். எவனாச்சும் சட்டைய மாட்டிக்கிட்டு ஸ்டேசனப் பாத்துக் கெளம்புனா, ஆளு வச்சு வழியிலேயே மறிச்சுப்புடுவாரு. ஏன் அப்பு ஊரு பேரக் கெடுக்குற, நம்ம சாமி இருக்கு, வா கோயிலுக்குன்னு தோள்ல கையப் போட்டு இழுத்துட்டு வந்துருவாரு. எலெக்சன் வருதுல்ல. நான் வந்தப்புறம் ஊர்ல ஒரு தப்புத்தண்டா உண்டான்னு மைக்குல கேக்கணும்ல. போலீசு என்ன செய்யும், வராத கேச அவுகளா எழுத முடியும்? சூடம் விக்கிற கடைக்காரனுக்குத்தான் யோகம்.

நான் ஏலக்கா கடையில சல்லடை போடுற ஆளு சார். காயக் கொட்டிச் சலிச்சா, பெருசெல்லாம் மேல நிக்கும், பொடியெல்லாம் கீழ விழுந்துரும். மேல நிக்கிறத முதல் தரம்னு சொல்லி மூட்டை கட்டுவோம். ஆனா சில வருசம் மழை சரியா இல்லைன்னா, காயி பெருசா பச்சைப்பசேல்னு இருக்கும், உடைச்சுப் பாத்தா உள்ள விதை இருக்காது. வெறுந்தோலு. சல்லடைக்கு அது தெரியாது. பேப்பர்க்காரனும் சலிச்சுத்தான் பாத்திருக்கான். உடைச்சுப் பாக்கல.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. போன எலெக்சனுக்கு முந்தி இதே ராஜாராம் எதிர்க்கட்சி. அப்ப இதே தெருவுல, இதே மைக்குல என்ன பேசுனாருன்னு நெனைக்கிறீக? தாய்மாருகளே, ஒங்க கழுத்துல கெடக்குற தாலிக்குப் பாதுகாப்பு உண்டான்னு கேட்டாரு. கள்ளப்பய ஊராப் போச்சுன்னாரு. நாங்களும் நம்பித் தொலைச்சோம். வெளக்கு வச்ச ஒடனே கதவச் சாத்துனோம். கம்பளி விக்க வந்தவன், பாவம், வடக்கத்தி ஆளு, பாஷை தெரியாது, அவனப் புள்ள புடிக்க வந்தவன்னு நெனச்சு கட்டி வச்சு அடிச்சாய்ங்க. கம்பளியெல்லாம் தெருவுல கெடந்துச்சு. அந்த வருசம் எங்க தெருவுல களவு போனது ஒரு செம்புப் பானை, அதையும் எடுத்தது பக்கத்து வீட்டுக்காரன்.

இப்ப அவரு ஜெயிச்சுட்டாரு. ஒரே நாள்ல ஊரு பயமில்லாத ஊராயிருச்சு. அதே தெரு, அதே ஜனம், அதே களவு. இப்ப எதிர்க்கட்சிக்காரர் திருப்பதி, அந்தப் பழைய பேச்ச எடுத்துக்கிட்டுத் திரியுறாரு. தாய்மாருகளே, தாலிக்குப் பாதுகாப்பு உண்டான்னு. ஒரே பேச்சு சார், வாய்தான் மாறுது. இதுல நாங்க எப்பப் பயப்படணும், எப்பப் பயப்படக் கூடாதுன்னு இவுகள்ல ஒருத்தருதான் சொல்லணும். எனக்குத் தானா பயம் வந்தா அது கணக்குல வராது.

நாங்க பயப்படுறதும் வெளியாளப் பாத்துத்தான், அதச் சொல்லணும். மலையாளத்துலருந்து எவனாச்சும் எறங்குனா மொறைச்சுப் பாப்போம். பஸ் ஸ்டாண்டுல அழுக்குச் சட்டை போட்டவன் உக்காந்திருந்தா மடியத் தொட்டுப் பாத்துக்குவோம். ஒங்களையும் நாளைக்குத் தெருவுல இறங்கையில நாலு பேரு மொறைப்பான், தப்பா எடுத்துக்காதீக. எங்களுக்குக் கெடுதல் பண்ணுனவன் எல்லாம் எங்களோட உக்காந்து சோறு தின்னவன். அவனப் பாத்துப் பயப்பட எங்களுக்குச் சொல்லிக் குடுக்கல.

என்னப்பா, அடுத்த வேட்டா? வெடிங்க, வெடிங்க. பணம் கொட்டிக் கெடக்குல்ல.

என்னத்துக்கு இம்புட்டு வேக்காடுன்னு பாக்குறீக. சொல்றேன். இன்னிக்குக் காலையில தேனியில ஒரு ஆபீசுக்குப் போயிட்டுத்தான் வர்றேன். எந்த ஆபீசுன்னு வேணாம். ஒரு மனு குடுக்கப் போனேன். அங்க இருந்தவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு எந்த ஊருன்னு கேட்டாரு. போடின்னேன். சிரிச்சாரு சார். அடப்பாவி, முதலாவதா வந்த ஊர்லருந்தா மனு கொண்டாந்திருக்க, கடைசியா வந்த ஊர்க்காரனே சும்மா இருக்கான், ஒனக்கென்ன கேடுன்னாரு. பக்கத்துல இருந்தவருட்டயும் சொல்லிச் சிரிச்சாரு. நல்ல மனுசன்தான், டீ வாங்கிக் குடுத்தாரு. மனுவ மட்டும் வாங்கல. பேப்பரு வர்றதுக்கு முந்தி போயிருந்தா வாங்கியிருப்பாரோ என்னமோ. இனிமே எங்க ஊர்ல ஒருத்தருக்கு ஒண்ணு நடந்துச்சுன்னு வைங்க, நடந்துச்சுன்னு சொல்றவந்தான் பொய்யன். முதலாவது ஊர்ல அப்பிடி நடக்காதுல்ல.

என்ன மனுவா? அது ஒரு பொம்பள சமாச்சாரம். பஸ்சு நகருற மாதிரியும் தெரியல, சொல்றேன்.

எங்க தெருவுல சுருளியம்மான்னு ஒரு பொம்பள. மலைக்கு ஏலக்கா எடுக்கப் போறவ. தெரியும்ல, வெள்ளன ஜீப்புல ஏத்தி, போடிமெட்டு தாண்டித் தோட்டத்துல கொண்டு போயி எறக்கி, பொழுது சாய மறுபடி ஏத்திட்டு வருவாய்ங்க. ஒருத்தி மடியில ஒருத்தி உக்காந்து, பாட்டும் சண்டையுமா எறங்கி வருவாக. கெட்டிக்காரி சார். வாயி கொஞ்சம் நீளம். கங்காணியவே எதுத்துப் பேசுவா. ஒத்தையில பேயிருக்குற ஓடைப் பக்கமெல்லாம் போயிட்டு வருவா. பயம்னா என்னன்னு தெரியாத ஆளுன்னா அவதான். இந்தப் பேப்பர்க்காரன் அவளப் பாத்து எழுதியிருந்தா நானே முதல் எடம் குடுத்திருப்பேன்.

அன்னிக்கு அவளுக்குச் சோலி முடியச் செத்த நேரமாயிருச்சு. மத்த பொம்பளைகள ஏத்திக்கிட்டு ஜீப்பு போயிருச்சு. பின்னாடியே லோடு ஏத்திட்டு பால்பாண்டி ஜீப்பு வந்துச்சு. பால்பாண்டின்னா யாரு, ராஜாராமோட மச்சினன். பழகுன பய சார். அக்கா அக்கான்னு அவ வீட்டுல வந்து எத்தனை தடவ தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கான். அவ என்னத்தக் கண்டா, ஏறிட்டா. பாதி வழியில ஒரு வளைவுல நிறுத்துனான். எஞ்சின் காஞ்சுருச்சு, தண்ணி ஊத்தணும்னான். ஊத்தல. கையப் புடிச்சு இழுத்தான். அவ விடுற ஆளா, கடிச்சுப்புட்டா. அவன் கழுத்துல கையப் போட, தாலிக்கொடி அத்துக்கிட்டு அவன் கையோட போயிருச்சு. இவ சரிவுல குதிச்சு, முள்ளுலயும் பாறையிலயும் உருண்டு, மலையடிவாரத்துல முந்தல் வரைக்கும் நடந்தே வந்து சேந்தா. ஒடம்பெல்லாம் ரெத்தம். வாயில மட்டும் அவன் பேரு.

ஸ்டேசனுக்கா? கெளம்புனாக. வழியிலேயே ராஜாராம் வந்துட்டாரு. அவரு வந்தது கூட பெருசில்ல சார். அவளே சொன்னா. ஸ்டேசன் வேணாம், கோர்ட்டு வேணாம், அவன் வந்து சூடம் அணைக்கட்டும்னு அவளே சொன்னா. அவளுக்கு அதுல அம்புட்டு நம்பிக்கை. போலீசுட்ட பொய் சொல்லுவான், வக்கீல வச்சுப் பொய் சொல்லுவான், சூடத்துல எவன் சார் பொய் சொல்லுவான்? பயலுக்குக் கை நடுங்கும், நெஞ்சு நடுங்கும், எல்லாரும் பாக்கணும்னா. மொகத்துல காயத்தோட சிரிச்சுக்கிட்டே சொன்னா. ராஜாராமுக்குப் பழம் நழுவிப் பால்ல விழுந்துச்சு.

வந்தான் சார். குளிச்சு, திருநீறு பூசி, ஈர வேட்டியோட வந்தான். கையில கட்டுப் போட்டிருந்தான், அவ கடிச்ச எடம். ஸ்பானர் பட்டுருச்சுன்னான். சூடம் எரியுது. அவள ஒரு பார்வ பாத்தான். அந்த அக்காவ நான் தொடல, தொட்டிருந்தா சாமி என்னையக் கேக்கட்டும்னான். நல்ல கையால அணைச்சான். நடுங்கவே இல்ல. சூடான சட்டியத் தொடுற மாதிரிகூட இல்ல, ஈ மேல கைய வைக்கிற மாதிரி வச்சான். கூட்டம் கலைஞ்சு போச்சு. அவ அந்தக் கருப்புத் தடத்தப் பாத்துக்கிட்டு நின்னா.

அப்புறமென்ன, அவன் யோக்கியன், இவ பொய்க்காரி. தாலிய மலையில தொலைச்சிட்டு, புருசனுக்குப் பயந்துக்கிட்டு ஒரு பய மேல பழியப் போட்டுட்டாளாம்னு பேச்சு. கொழாயடியில இவ கொடத்த வச்சா மத்தவக கொடத்த எடுத்துருவாக. சூடம் அணைச்சப்புறமும் அவன் பேரச் சொல்றாளே, குடும்பம் வெளங்குமான்னு பொம்பளைகளே கேட்டாக. அவ சாமி கேக்கும், சாமி கேக்கும்னு காத்திருந்தா. அவன் ரெண்டாவது ஜீப்பு வாங்கிட்டான். அதுக்குப் பூசை போட்டு, சூடம் சுத்தி, அவ வாசல் வழியாத்தான் ஓட்டிட்டுப் போனான்.

திருப்பதியா? வந்தாரே. ஆளு வந்துட்டாருன்னு நாங்களும் சந்தோசப்பட்டோம். வர்ற கூட்டத்துல மேடையில வந்து நில்லு ஆத்தா, நீ பேசக்கூட வேணாம், அழுதாப் போதும், மத்தத நான் பாத்துக்குறேன்னாரு. அவ கேட்டா, அழுது முடிச்சப்புறம் நான் எந்தத் தெருவுல போயிக் குடியிருக்குறதுன்னு. மறுவாரம் பாத்தா ஜீப்புக்காரங்க ஓட்டு வேணும்னு பால்பாண்டி தோள்ல கையப் போட்டு டீக்கடையில நிக்கிறாரு. ராஜாராமுக்குப் பயமில்லாத ஊரு வேணும், இவருக்குப் பயந்த ஊரு வேணும், ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. அவளப் பத்தி ரெண்டு பேருக்கும் அக்கறையில்ல.

அந்தா, அவந்தான் சார் பால்பாண்டி. கட்டம்போட்ட சட்டை. முன்னாடி குனிஞ்சு வேட்டுக்குத் தீ வைக்கிறான் பாருங்க. ஆமா, அந்தச் சின்னப்பயதான். பாத்தா நம்ப மாட்டீகல்ல. எவனும் நம்பல.

இப்பவா? இப்ப அவ வெளிய வர்றதில்ல. மலைக்குப் போறதில்ல, கடைகண்ணிக்குப் போறதில்ல, கோயில் இருக்குற தெசைக்கே தலை வச்சுப் படுக்குறதில்ல. தெருவுல ஜீப்புச் சத்தம் கேட்டா அடுப்படியில போயி ஒடுங்கிருவா. ஜீப்புக்காரப் பயலுக பட்டப்பகல்ல வந்து ஹாரன அடிப்பாய்ங்க. கதவத் தட்டி, சூடம் வேணுமாக்கான்னு கேட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டு ஓடுவாய்ங்க. யாருட்டச் சொல்றது? அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபுடிச்சா. வெளிய பூட்டிட்டுப் போயிருங்கன்னுட்டா. வாசல்ல பூட்டுத் தொங்குனா உள்ள ஆளு இல்லைன்னு போயிருவாய்ங்கல்ல. அதுலருந்து தட்டுறதில்ல. அடுப்புப் பத்த வச்சா புகை தெரியும்னு அதையும் வைக்கிறதில்ல. இருமல் வந்தா சேலைய வாயில வச்சு அமுக்கிக்குவா. சோலிக்குப் போற ஆளு திரும்பி வந்து தொறந்து விட்டாத்தான் வெளிச்சம்.

கொடுமையா இல்லையா? இருக்கு சார். வேணாம்டி, ஒம் மேல பூட்டுப் போட எனக்குக் கை வரலைன்னு எம்புட்டோ சொல்லியாச்சு. தீ கீ பத்துனா என்ன செய்வன்னு கேட்டதுக்கு, தீயப் பாத்து எனக்கென்ன பயம்னா.

சாவியா? இந்தா, என் அரணாக்கயித்துல கெடக்கு.

என்ன சார், பேப்பர மடிச்சு உள்ள வச்சுட்டீக. ஒங்க வீட்டம்மாளக் கூட்டிட்டு வாங்க, நான் வேணாம்னு சொல்லல. ஊர்ல தண்ணி நல்ல தண்ணி, காத்து மலைக்காத்து. என்னையப் போல ஒருத்தன் சொல்றத வச்சு ஊர முடிவு பண்ணாதீக.

ஆங், பஸ்சு நகருது. கூட்டம் வெலகுது. அப்பாடா. கண்டக்டரு, கொட்டுமேளம் எங்குட்டுப்பா திரும்புது? பெரிய ரோட்டுல தான போகுது? இல்லையா? கெழக்கயா? ஏப்பா, கெழக்க போனா அங்க எங்க தெரு ஒண்ணுதான இருக்கு. வேட்டுக்காரப் பயலுக முன்னாடி ஓடுறாய்ங்களே. நிறுத்துப்பா. சார், செத்தக் கால மடக்குங்க, நான் எறங்குறேன். நிறுத்துடா பஸ்ஸ, அவ உள்ள இருக்கா.